கால் மணிக்கு ஒரு தடவை

“பிரியாணி எப்பவும் போலத்தான். அந்த பாப்கார்னுக்குத்தான் நான் மூணு தடவை லைன்ல நின்னேன்.”

கல்யாண மண்டபத்தில், கை கழுவும் இடத்தில், ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் இப்படிச் சொன்னாள். சொன்னவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். துணித் தடுப்புக்கு இந்தப் பக்கம் காலிப் பிரியாணித் தேக்சாக்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த கவுஸ் மாஸ்டருக்கு அது காதில் விழுந்துவிட்டது.

ஆம்பூரில் முப்பத்து நான்கு வருடமாகப் பிரியாணி போடுகிறவர் அவர். அவர் தேதி கொடுத்த பிறகு மண்டபத்துக்குத் தேதி கேட்கும் வீடுகள் உண்டு. ‘எப்பவும் போல’ என்ற வார்த்தையை அன்றுவரை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

“சமி, வாசல்ல பாப்கார்ன் யாருடா போட்டது?”

சமியுல்லா ஒரு தேக்சாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பதினெட்டு வருடமாக மாஸ்டரின் வலது கை.

“தெரியல,” என்றான். நிமிரவில்லை.

எட்டு மாதமாக அவன் பேச்சு இவ்வளவுதான். கேட்டதற்குப் பதில். அதுவும் ஒற்றை வார்த்தையில்.

மாஸ்டர் தானே போய்ப் பார்த்தார். வாசல் பக்கம் ஒரு சின்ன மேஜை. அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், காகிதக் கூம்புகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். மாஸ்டரும் வரிசையில் நின்றார். அவரைத் தெரிந்தவர்கள் சலாம் சொன்னார்கள். ஆனால் ஒருவரும் வழி விடவில்லை.

கூம்பை வாங்கி, ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டார். முதலில் நொறுங்கியது. பிறகு வெண்ணெய் வந்தது. அதன் பின்னால், கருகுவதற்கு ஒரு நூல் முன்பாக நிறுத்திய சர்க்கரை. எல்லாம் கரைந்து போன பிறகு சோளத்தின் வாசனை மட்டும் தனியே நின்றது. பல்லில் ஒன்றும் ஒட்டவில்லை.

மாஸ்டர் இன்னொன்றைப் போட்டுக்கொண்டார். பிறகு கூம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார்.

“எந்த அடுப்பும்மா இது?”

“ஓவன்ல செஞ்சது மாஸ்டர். வீட்டு ஓவன்தான்.”

“என்னைத் தெரியுமா?”

“ஆம்பூர்ல இருந்துக்கிட்டு உங்களைத் தெரியாமலா?”

“எனக்குச் சொல்லித் தர்றியா?”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

“ரயில்வே கேட் தாண்டி ரெண்டாவது தெரு. எஸ்தர்னு கேட்டா காட்டுவாங்க,” என்றாள்.

*

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாஸ்டர் மாடி ஏறி வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, தோளில் துண்டு. சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். முதலில் கேட்டது இதுதான்:

“தட்டு எங்க?”

“எந்தத் தட்டு?”

“ஓவன்ல வைக்கிற தட்டு. கழுவணும்.”

“நீங்க எதுக்கு மாஸ்டர் கழுவிக்கிட்டு?”

“எங்க தொழில்ல புதுசா வர்றவன் கரண்டியைத் தொடக் கூடாது. முதல்ல பாத்திரம். கழுவுற கைக்குத்தான் எங்க அடி பிடிக்கும், எங்க பிடிக்காதுன்னு தெரியும்.”

“எங்கிட்ட அந்த மாதிரி சட்டமெல்லாம் இல்ல மாஸ்டர்.”

“எங்கிட்ட இருக்கே, உஸ்தாத்.”

எஸ்தர் பதறிப்போனாள். “என்னைப் போய் உஸ்தாத்னு கூப்பிடறீங்களே! எங்க அப்பாவுக்கு உங்க வயசு.”

“அடுப்புக்கு வயசு தெரியாது. சொல்லித் தர்றவங்க உஸ்தாத். அவ்வளவுதான். தட்டைக் குடு.”

இரண்டு நாள் அவர் கழுவினார். சாம்பலும் எலுமிச்சைத் தோலும் வீட்டிலிருந்து கொண்டு வந்தார். எட்டு தேக்சா ஒரே நேரத்தில் ஏற்றி இறக்கும் மனிதர், ஒரு முழ நீளத் தகரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்தார். வாங்கிய அன்றுகூட அது இப்படி இருந்ததில்லை என்றாள் எஸ்தர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தட்டைத் துடைத்து வைக்கும்போது மாஸ்டர் சொன்னார்:

“உன் ஓவன்ல இடது கைப் பக்கம், பின் மூலையில சூடு ஜாஸ்தி.”

எஸ்தர் அவரையே பார்த்தாள். “அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு மாஸ்டர்.”

“நீ கழுவியிருந்தா ரெண்டு நாள்ல தெரிஞ்சிருக்கும். யார் கழுவினது?”

“வேலைக்காரம்மா.”

“அந்தம்மாவைக் கேட்டிருக்கலாம்.”

புதன்கிழமை அவரைக் கரண்டி தொட விட்டாள்.

சோளத்தைப் பொரித்துப் பெரிய தாம்பாளத்தில் கொட்டினாள். வெடிக்காத மணிகளைப் பொறுக்கச் சொன்னாள். “ஒண்ணு இருந்தாலும் பல்லு போயிடும்.” சீரகச் சம்பா அரிசியில் கல் பார்த்துப் பழகிய கண். மாஸ்டர் தாம்பாளத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஆட்டினார். மணிகள் எல்லாம் ஓரத்தில் வந்து நின்றன. எஸ்தர் அவர் ஆட்டிய விதத்தை மட்டும் இன்னொரு தரம் காட்டச் சொன்னாள்.

அடி கனத்த பாத்திரத்தில் வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் சோளப் பாகும் போட்டு அடுப்பில் ஏற்றினாள். கொதி வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நாலு நிமிஷம். அதுக்கு மேல போனா கசக்கும்.”

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பாத்திரத்தின் பக்கம் காதைச் சாய்த்தார். குமிழிகளின் சத்தம் முதலில் மெலிதாக இருந்தது. பிறகு தடித்தது. பிறகு சோம்பல் முறித்தது.

“இப்போ,” என்றார்.

கடிகாரமும் அதையே சொன்னது. எஸ்தர் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள்.

“உங்களுக்கு நான் என்ன சொல்லித் தர்றது மாஸ்டர்?”

“பாகு எனக்குத் தெரியும். அதுக்கு அப்புறம் தெரியாது. சொல்லு.”

அவள் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைத் தூவினாள். பாகு புஸ்ஸென்று மேலே எழும்பி, வெளுத்து, பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டது. “யா அல்லாஹ்!” என்று மாஸ்டர் இரண்டடி பின்னால் போய் விழப் பார்த்தார்.

“இதுக்குத்தான் பெரிய பாத்திரம்,” என்றாள் எஸ்தர். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “நுரைச்சாத்தான் பாகு லேசாகும். இல்லேன்னா கல்லு.”

நுரைத்த பாகைப் பொரியின் மேல் ஊற்றிப் புரட்டினார்கள். பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருந்தது.

“எல்லாத்துலயும் படலையே உஸ்தாத்.”

“ஓவன்ல படும். நூத்தி இருபது டிகிரி, ஒரு மணி நேரம். கால் மணிக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, அடியில இருந்து மேல கிளறி விடணும். கேக் ஆர்டர் ஒண்ணு இருக்கு, குடுத்துட்டு வந்துடறேன். பார்த்துக்குவீங்கதானே?”

“அடுப்பைப் பார்த்துக்கன்னு எங்கிட்ட சொல்றியா?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

*

மாஸ்டர் ஓவனுக்கு எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரு சங்கடம். அவர் தொழிலில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. தம் போட்ட தேக்சாவைத் திறப்பது. மூடியின் மேல் கங்கு போட்டு, ஓரத்தில் மாவு வைத்து அடைத்துவிட்டால், அப்புறம் நேரம் வரும்வரை தொடக் கூடாது. எப்படி இருக்கிறதென்று பார்க்க மூடியைத் தூக்கிய ஒருவனை அவர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ‘மூடினா மூடினதுதான். மிச்சத்தை ஆவி பார்த்துக்கும்’ என்பது அவர் வாய்மொழி. அவரிடம் வேலை பார்த்த எல்லாருக்கும் அது மனப்பாடம்.

கால் மணி ஆனது. மாஸ்டர் எழுந்தார். கைப்பிடியைத் தொட்டார். கை திறக்க மறுத்தது.

சின்னப் பெண், என்று நினைத்தார். நம்பிக்கை போதாமல் திறந்து திறந்து பார்க்கிறாள். போகப் போகத் தெரியும்.

மறுபடி உட்கார்ந்தார். அப்போது ஓவன் கதவின் மேல் விளிம்பில் ஆவி கசிவது கண்ணில் பட்டது. அவரால் பொறுக்க முடியவில்லை. தோளில் இருந்த துண்டை நனைத்துப் பிழிந்தார். கதவின் இடுக்கில் சுற்றிலும் திணித்து, நுனிவிரலால் அழுத்தி அடைத்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து எஸ்தர் வந்தாள். படியில் ஏறும்போதே அவள் மூக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டிரண்டு படியாகத் தாவி வரும் சத்தம் கேட்டது.

“மாஸ்டர், என்ன இது? துண்டு எதுக்கு?”

“ஆவி போயிடக் கூடாதுன்னு அடைச்சேன்.”

அவள் துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

“இதுல ஆவி போகணும் மாஸ்டர். போனாத்தானே மொறுமொறுன்னு வரும்!”

“அப்படியா?”

“திறந்து கிளறினீங்களா?”

“இல்ல.”

“ஒரு தடவைகூடவா?”

“தம்மை யாராச்சும் திறப்பாங்களா?”

அவள் தட்டை வெளியே எடுத்தாள். மேலே இருந்த பொரி வெள்ளையாக, தொய்ந்து கிடந்தது. அடியில் பாகு முழுதும் இறங்கி ஒரே கறுப்புத் தகடாகப் பிடித்திருந்தது. மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் அவர் கையில் ஒன்று இப்படிக் கெட்டுப்போனது இது இரண்டாவது முறை.

“உஸ்தாத், ஒரு கேள்வி,” என்றார். “மூடி வெச்சா எல்லாம் தானா பதமாகும்னு நான் இத்தனை வருஷமா நம்பிக்கிட்டு இருக்கேன். அது தப்பா?”

எஸ்தர் எழுந்தாள். தட்டின் மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து பெயர்த்து ஒன்று, இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மேலே இருந்தது நனைந்த காகிதம் போல இருந்தது. அடியில் இருந்தது வேப்பங்கொட்டை.

“பாகு ஒண்ணுதான் மாஸ்டர். கிளறி விடலேன்னா அடியில இருக்கிறது மட்டும் எல்லாத்தையும் வாங்கிக்குது.”

அப்போது அவர் போன் அடித்தது. அடுப்படி இரைச்சலில் பேசிப் பழகியவர்களுக்கு மெல்லப் பேசத் தெரியாது. எதிர்முனையில் ரியாஸ், மாஸ்டரின் ஆட்களில் ஒருவன். அவன் பேசியது அந்த அறை முழுக்கக் கேட்டது.

“மாஸ்டர், சமியண்ணன் ஞாயித்துக்கிழமை ஒசூருக்குக் கிளம்புறாரு. குடும்பத்தோட. அங்க ஏதோ ஓட்டல்ல சேர்ந்துட்டாராம். வண்டி பேசியாச்சு. நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசினீங்கன்னா…”

“விடுடா. அதைப் போய்க் கிளறாதே. மூடி வை. தானா அடங்கும்.”

போனை வைத்தார். வைத்த பிறகும் அந்த வார்த்தை அறைக்குள்ளேயே நின்றது. எஸ்தர் கறுத்த தட்டை ஊற வைத்துவிட்டு, வேறு தட்டை எடுத்து, அடுத்த ஈட்டுக்குச் சோளத்தைக் கொட்டினாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்காக மாஸ்டர் அவளுக்கு உள்ளுக்குள் நன்றி சொன்னார்.

*

இரண்டாவது தட்டு ஓவனுக்குள் போனது. இந்த முறை துண்டு அவர் தோளிலேயே இருந்தது.

முதல் கால் மணிக்கு எஸ்தர் திறந்தாள். தட்டை வெளியே இழுத்து, மரக்கரண்டியை அடியில் நுழைத்து, மேலே கொண்டு வந்தாள். தூங்கும் பிள்ளையை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைப்பது போல் இருந்தது. ஒரு பொரிகூட உடையவில்லை. மாஸ்டர் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் வேலை செய்த முப்பது நாற்பது பேரில் இந்தக் கை ஒருவனுக்குத்தான் உண்டு என்று நினைத்தார்.

தட்டு உள்ளே போனது. கதவு மூடியது.

“சமி யாரு மாஸ்டர்?”

“நம்ம ஆளு. இருபது வயசுல வந்தான். வந்தப்போ வெங்காயம் உரிக்கத் தெரியாது. இப்போ அவன் கையிலதான் நான் தேக்சாவை விட்டுட்டுத் தொழப் போவேன்.”

“அப்புறம் எதுக்குப் போறார்?”

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது முறை அவரைக் கிளறச் சொன்னாள். அவர் கைக்கு அந்தச் சின்னக் கரண்டி விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. நாலைந்து பொரி தரையில் விழுந்தன. ஆனால் வெள்ளையாக இருந்தவை ஒவ்வொன்றாக நிறம் மாறுவதைப் பார்த்தபோது அவர் முகம் மலர்ந்தது.

“பாரேன், எல்லாத்துக்கும் வருது!”

“சொன்னேனே.”

கதவை மூடியதும் அவரே ஆரம்பித்தார்.

“எட்டு மாசத்துக்கு முன்னால வாணியம்பாடியில ஒரு வலீமா விருந்து. எண்ணூறு பேர். உப்பு கூடிப் போச்சு. வாயில வைக்க முடியல. மாப்பிள்ளையோட அப்பா அடுப்படிக்கே வந்து கத்தினாரு. சொந்தக்காரங்க, என் ஆளுங்க, எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. எங்க செட்டுல உப்பு போடறது சமி மட்டும்தான். ரெண்டு கை விழக் கூடாதுன்னு நான் வெச்ச சட்டம். நான் அவனைக் காட்டினேன். ‘இவன் போட்டது. உப்புக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத பய’ன்னு சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. கரண்டியைக் கழுவி வெச்சான். அன்னையில இருந்து ஊர்ல அவனுக்கு ‘உப்பு சமி’ன்னு பேரு. கல்யாண ஆர்டர் பேச வர்றவங்க, ‘அந்த உப்புக்காரனைக் கூட்டிட்டு வராதீங்க மாஸ்டர்’னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க.”

“நீங்க?”

“நானும் சிரிச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேன். போகப் போக ஆறிடும்னு நினைச்சேன்.”

மூன்றாவது முறை எஸ்தர் கிளறினாள். அறை முழுக்க வெண்ணெய் வாசனை. அவள் ஏதோ யோசித்துக்கொண்டே கிளறுவது அவருக்குத் தெரிந்தது.

“மாஸ்டர், ஒருத்தர் கைதான் உப்பு போடும்னா எப்படிக் கூடும்? பதினெட்டு வருஷம் போட்ட கை.”

“ரெண்டு தடவை விழுந்திருக்கு.”

“ரெண்டாவது தடவை அவர் போட்டார். முதல் தடவை?”

ஓவனுக்குள் விளக்கு மஞ்சளாக எரிந்தது. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ரயில்வே கேட் மூடும் மணி அடித்து, ரயில் போய், கேட் திறந்தது.

“சமி கரி வாங்கப் போயிருந்தான்,” என்றார். “மக்ரிபுக்கு நேரமாச்சு. நான் ஒரு கை போட்டுட்டுத் தொழப் போனேன். திரும்பி வந்து அவங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். வாயில வெச்ச உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த மனுஷன் கத்தறப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அவனைக் காட்டினேன்.”

நான்காவது கால் மணியும் ஆனது. தட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒவ்வொரு பொரியும் தேன் நிறத்தில் இருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

“ஐயோ!” என்று அவள்தான் முதலில் எழுந்தாள். “சூட்டோட பிரிச்சு விடணும். மறந்தே போயிட்டேன்.”

தட்டைத் தட்டிப் பார்த்தாள். டக் என்றது. பொரி முழுதும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே பாளமாக இறுகியிருந்தது. மாஸ்டர் ஓரத்தில் பிடித்து உடைக்கப் பார்த்தார். பாளம் உடையவில்லை. அவர் கையில் வந்தது நொறுங்கிய தூள்.

“உடைக்காதீங்க மாஸ்டர். தூளாத்தான் போகும்.”

“நல்லா வந்துச்சே. ருசி பாழாகலையே. கொஞ்ச நேரம் சும்மா விட்டதுக்கா இப்படி?” நொறுங்கிய தூளைத் தட்டிலேயே திரும்பப் போட்டார். “இனி ஒண்ணும் பண்ண முடியாதா உஸ்தாத்? தூக்கிப் போட வேண்டியதுதானா?”

எஸ்தர் ஓவனை மறுபடி போட்டாள். பாளத்தைத் தட்டோடு உள்ளே தள்ளினாள். “சூட்டுல இளகும்.”

“திரும்பவும் சூட்டுலயா? ஆறிப் போனதை மறுபடி சூடு பண்ணினா கருகிடாதா?”

“வெச்சிட்டுப் போயிட்டா கருகும்,” என்றாள் எஸ்தர். “பக்கத்துலயே நின்னா கருகாது மாஸ்டர்.”

மாஸ்டர் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சமியுல்லாவின் வீட்டு வாசலில் ஒரு குட்டி லாரி நின்றது. ரியாஸும் இன்னும் மூன்று பேரும் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மாஸ்டரின் ஆட்கள். வாணியம்பாடியில் அன்று அடுப்படியில் நின்றவர்கள்.

கவுஸ் மாஸ்டர் நடந்து வந்தார். வெறுங்கையோடு வந்தார். அவரைக் கண்டதும் தூக்கிய சாமானைத் தூக்கியபடியே எல்லாரும் நின்றார்கள்.

சமியுல்லா வாசற்படியில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“சமி,” என்றார். “அன்னைக்கு முதல் உப்பு நான் போட்டது. போட்டுட்டு உங்கிட்ட சொல்லல. எல்லார் எதிர்லயும் உன்னைக் காட்டினப்போ எனக்கு அது தெரியும். நேத்து வாணியம்பாடி போய் அந்த வீட்டுலயும் சொல்லிட்டேன். இங்க, இவங்க எதிர்ல சொல்லணும்னு வந்தேன்.”

கயிறு சமியுல்லாவின் கையிலிருந்து நழுவியது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கே.”

“எட்டு மாசம்!” என்று கத்தினான் சமியுல்லா. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “எட்டு மாசமா நான் என் கையையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன் மாஸ்டர்! வீட்டுல குழம்புக்கு உப்பு போடப் பயந்தேன். இவளைக் கேளுங்க, கேளுங்க இவளை! ராத்திரி எழுந்து உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி எண்ணுவேன், எத்தனை கை போட்டேன், எத்தனை கை போட்டேன்னு. என் பொண்ணை ஸ்கூல்ல உப்பு மூட்டைன்னு கூப்பிடறாங்க. ஊரை விட்டே போறேன். இப்போ வந்து, நான்தான் போட்டேன்னு சொல்றீங்க!”

அவன் மனைவி நசீமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து மாஸ்டரின் பக்கத்தில் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“அண்ணே, பெரியவரு, வீடு தேடி வந்து சொல்லிட்டாரு, விடுங்கண்ணே,” என்றான் ரியாஸ்.

“நீ சும்மா இரு ரியாஸ்,” என்றார் மாஸ்டர். “அவன் பேசட்டும்.”

சமியுல்லா பேசினான். உள்ளே போனான். போய்விட்டான் என்று எல்லாரும் நினைத்தபோது திரும்பி வந்து இன்னும் பேசினான். முதல் வருடம் முதல் மாதத்தில் மாஸ்டர் சொன்ன ஒரு சொல்லில் தொடங்கி, ஒன்றுவிடாமல் பேசினான். நடுவில் ஒரு தடவை அழுதான். அழுததற்காக இன்னும் கோபப்பட்டான். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். வெயில் ஏறி மாஸ்டரின் சட்டை முதுகில் ஒட்டியது. லாரிக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மாஸ்டர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

கடைசியில் சமியுல்லாவிடம் சொல் தீர்ந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நசீமா கொடுத்த தண்ணீரைக் குடித்தான். சுற்றிலும் பார்த்தான். எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. இரும்பு பீரோ மட்டும் வாசலில் நின்றது.

ரியாஸ் பீரோவின் பக்கம் வந்தான். சமியுல்லா வேண்டாம் என்று தலையை அசைத்தான். தானே போய் ஒரு முனையில் குனிந்தான்.

“மாஸ்டர்,” என்றான், நிமிராமல். “அந்தப் பக்கம் பிடிங்க.”

கவுஸ் மாஸ்டர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, பீரோவின் மறுபக்கம் போய்க் குனிந்து பிடித்தார்.